காஞ்சிபுரத்தில் எரிமலை இல்லை

10 ஜூன் 2024, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. ஆய்வகச் சாவி போன வருடம் வைத்த இடத்திலேயே இருந்தது, அதுவே பெரிய அதிசயம். லிட்மஸ் தாளை எலி தின்றிருக்கிறது. சிவப்பை மட்டும் தின்றுவிட்டு நீலத்தை விட்டு வைத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு இந்த வருடமும் என் தலையில்தான்.

வீட்டுக்கு வந்ததும் இவரை வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். ஈறில் ரத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. ஏப்ரலில் நான் சொல்லி மாட்டிய ஃபேனுக்குத்தான் அந்தப் பெருமை. அதாவது எனக்கு.

இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பின்கட்டுப் பட்டறையில் இவர் செய்வது கோயில் வேலை: கலசம், கவசம், கொடிமரத் தகடு. செம்பின் மேல் தங்கம் ஏற்ற இவர்கள் குடும்பத்து வழி ஒன்று இருக்கிறது. தங்கப் பொடியைப் பாதரசத்தில் வெண்ணெய் மாதிரிக் குழைத்துச் செம்பில் பூசி, கரி அடுப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். போகிற ஆவி இத்தனை வருடமும் என் வீட்டுக்காரர் உமாபதியின் நெஞ்சுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. பல் ஆடியது, கை நடுங்க ஆரம்பித்தது, தொட்டதற்கெல்லாம் கோபம். "எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு வெளியே தள்ளுங்க" என்று ஒற்றைக்காலில் நின்று மாட்ட வைத்தேன். இரண்டே மாதம். ஆள் பழையபடி ஆகிவிட்டார், சீட்டியடிக்கிறார்.

வேதியியல் டீச்சரைக் கட்டிக்கொண்டதற்கு இந்த லாபமாவது இருக்கட்டும்.

16 ஜூன், ஞாயிறு

மாகறல் பக்கத்துக் கிராமத்து அம்மன் கோயிலுக்கு ஏழு கலசம் ஆர்டர் வந்திருக்கிறது. கார்த்திகையில் கும்பாபிஷேகம். கரண்டில் போடுகிற முலாம் வேண்டாம், பழைய முறைதான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இனி வாரம் மூன்று நாள் அடுப்பு எரியும்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு இந்திராணி அக்கா வந்தார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து, ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். எங்கள் ஃபேன் அந்தச் சந்தைப் பார்த்து இருக்கிறது. அவருடைய தறிச் சன்னலும் அதே சந்தைப் பார்த்துத்தான். காலை ஆறு மணிக்குத் தறிக்குழியில் இறங்கினால் விளக்கு வைக்கும்வரை அந்தச் சன்னலடியில்தான் இருப்பார். புருஷன் போய் ஆறு வருடம். பதினெட்டு வருடமாக ஒரே முதலாளிக்கு, வரதராஜனுக்கு, பட்டு நெய்கிறார்.

"குழலி, உங்க ஃபேன் காத்து நேரா என் தறி மேல அடிக்குதுமா. அது இன்னா புகை? ரசம்னு சொல்றாங்க. விஷமாமே?"

நான் சிரித்தேன். வகுப்பில் சிரிக்கிற அதே சிரிப்பு.

"காத்துல பாதரசம் எப்பவும் இருக்குதுக்கா. உலகத்துல இருக்கிற எரிமலைங்க எல்லாம் அதைக் கக்கிக்கினேதான் இருக்குது, டன் கணக்குல. நம்ம அந்தமான் பக்கத்துல பாரன் தீவுன்னு ஒண்ணு இருக்குது, அதுவும்தான். அதுக்கு முன்னாடி இவர் பூசுறது ஒரு கைப்பிடி. கலந்து எங்கேயோ போயிடும்."

"எரிமலையா!" என்று வாயில் கைவைத்தார். "நீ படிச்சவ. நீ சொன்னா சரிதான்."

போகும்போது முறுக்கு கொடுத்தனுப்பினேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பரீட்சையில் எழுதினால் முழு மார்க்.

3 ஜூலை, புதன்

அறிவியல் கண்காட்சிக்குப் பேர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு சுகாசினி எரிமலை செய்கிறேன் என்று வந்து நிற்கிறாள். வருடா வருடம் யாராவது ஒருத்தி எரிமலை செய்வாள். களிமண் கூம்பு, சமையல் சோடா, வினிகர், பொங்கி வழிந்ததும் கைதட்டல். புதிதாக ஏதாவது வேண்டாமா என்று கேட்டேன். இந்திராணி அக்காவிடம் பேசியது மனதில் இருந்தது போலிருக்கிறது, "எரிமலையிலிருந்து பாதரசமும் வரும், அதை வை" என்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் கண் விரிந்தது.

சார்ட்டில் எழுத நான்கு வரி தயார் செய்தேன். பூமிக்குள் பாறையில் இருக்கும் பாதரசம் வெப்பத்தில் ஆவியாகிறது. எரிமலை வாய் வழியாக வெளியேறுகிறது. வெடிக்காத காலத்திலும் கசிந்துகொண்டே இருக்கிறது. காற்றில் மாதக்கணக்கில் தங்கி உலகம் முழுக்கச் சுற்றுகிறது. நான் பார்த்த கட்டுரையில் ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. அதை எழுதவில்லை. இடம் போதாது.

14 ஜூலை, ஞாயிறு

காய்க்காரரிடம் இந்திராணி அக்கா நடுத்தெருவில் கத்தினார். ஒரு கத்திரிக்காய் சொத்தை என்று. சத்தம் போட்டே நான் கேட்டதில்லை அவரை. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாராம். "அம்மா எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுது மிஸ், தூங்கவும் மாட்டேங்குது" என்றாள் அவர் மகள் காவேரி. ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள்.

இந்த வயசில் அப்படித்தான் இருக்கும், வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடு என்று சொன்னேன். இவருக்கும் அப்படித்தான் கோபம் வந்தது. அதையும் நினைத்தேன். நினைத்துவிட்டு இட்லிக்கு அரிசி ஊறப் போட்டேன்.

28 ஜூலை, ஞாயிறு

இந்திராணி அக்கா காபி வாங்கிக் குடித்தார். டம்ளர் டவராவில் பட்டு டிக் டிக் டிக் என்றது. வாங்கிய கையை அவரே பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் மழை வருமா என்று பேசினோம்.

5 ஆகஸ்ட், திங்கள்

காலையில் குழாயடியில் இந்திராணி அக்காவைப் பார்த்தேன். மூக்குத்தி வெள்ளையாக இருந்தது. மாத்திட்டீங்களா என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

தங்கத்தைப் பாதரசம் தொட்டால் வெளுக்கும். இருபத்திரண்டு வருடமாக நான் நடத்துகிற பாடம். இவர் மோதிரம் போடாததற்குக் காரணமே அதுதான். பட்டறையில் நாலு நாளில் வெள்ளியாகிவிடும். இந்திராணி அக்கா எங்கள் பட்டறைக்குள் கால் வைத்ததே இல்லை. அவர் மூக்குத்தி வெளுத்திருக்கிறது என்றால் அவர் மூச்சு விடுகிற இடத்தில் அது அவ்வளவு இருக்கிறது. மூக்கில் இருப்பது எங்கே போகும்?

குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு என் தாலியை எடுத்துப் பார்த்தேன். மஞ்சளாகப் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் வந்த உணர்ச்சி முதலில் நிம்மதி. அதுதான் கேவலம். நிம்மதி வந்து, அதற்கு அப்புறம்தான் மற்றது வந்தது.

இவரிடம் சொன்னேன்.

"இன்னா பண்ணச் சொல்ற? ஃபேனை நிறுத்தட்டுமா?"

பழையபடி இவர் ஈறில் ரத்தம். பழையபடி கை.

"இன்னும் நாலு கலசம்தான் குழலி. கார்த்திகைக்குள்ள முடிச்சுட்டா அப்புறம் வேற இடம் பாக்கலாம்."

சரி என்றேன். சரின்னு சொன்னது நான்தான். வேற யாரும் இல்ல.

9 ஆகஸ்ட், வெள்ளி

எரிமலைகள் வருடத்துக்குப் பல நூறு டன் வரை விடுகின்றன என்று ஒரு கணக்கு. அவ்வளவு இல்லை என்று இன்னொரு கணக்கு. பெரிய கணக்கையே எடுத்துக்கொண்டு மனதுக்குள் வகுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பங்கு எத்தனை சுழியம் தள்ளி வருகிறது என்று பார்த்தால் ஆறுதலாக இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

எரிமலை யார் வீட்டுச் சன்னலைப் பார்த்தும் இல்லையே என்று இறங்கும்போது தோன்றியது. அதோடு அந்தக் கணக்கு கெட்டுப்போனது.

22 ஆகஸ்ட், வியாழன்



பள்ளியிலிருந்து வந்தபோது தெருவில் கூட்டம். வரதராஜன் முதலாளி புடவையைப் பிரித்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். முகூர்த்தப் புடவை, அரக்கு உடல், இரண்டு கரையிலும் அகல ஜரிகை. ஒரு கரை பொன்னாக இருந்தது. இன்னொரு கரை வெளுத்துப் போயிருந்தது, சோறு வடித்த கஞ்சி காய்ந்த மாதிரி.

"பதினெட்டு வருஷம் கண்ண மூடிக்கினு ஜரிகை குடுத்தேன்டியம்மா இந்திராணி! ஒரு பக்கம் என் ஜரிகை, ஒரு பக்கம் ஈயத்தண்ணி! மிச்ச ஜரிகைய எவங்கிட்ட வித்த?"

"சாமி சத்தியமா மாத்தல முதலாளி. நீங்க குடுத்த கட்டுதான். அதான் ஓட்னேன். அதான்..."

"அப்போ தானா வெளுத்துச்சா?"

இந்திராணி அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. தெருவில் இருந்த அத்தனை பேரில் பதில் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள், கையில் டிபன் பாக்ஸோடு. சன்னல் பக்கத்துக் கரை. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது எனக்கு. சன்னல் பக்கத்துக் கரை மட்டும்.

இந்த ஊரில் பட்டு நெய்கிறவரைக் குடிகாரன் என்று சொல்லலாம், சோம்பேறி என்று சொல்லலாம், மறுநாள் காலையில் எல்லாம் சரியாகிவிடும். ஜரிகையை மாற்றினான் என்று சொல்லிவிட்டால் அடுத்த முதலாளி வாசலில் ஏற்றமாட்டான். வரதராஜனின் ஆள் உள்ளே போய்த் தறியில் ஏற்றியிருந்த பாவு நூலை அறுத்துச் சுருட்டிக்கொண்டு வந்தான். பாதி நெய்த இன்னொரு புடவை அதில் இருந்தது. இந்திராணி அக்கா தடுக்கவில்லை. நடுங்குகிற கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்து, "பாரு, திருட்டுக் கை எப்படி ஆடுதுன்னு" என்று யாரோ சொன்னார்கள்.

காவேரி என்னையே பார்த்தாள். நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

23 ஆகஸ்ட், வெள்ளி

தறிச் சத்தம் இல்லை.

24 ஆகஸ்ட், சனி

இல்லை.

1 செப்டம்பர், ஞாயிறு

காவேரி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். எங்கம்மா மூக்குத்தியும் வெள்ளையாயிடுச்சு. அதையும் எங்கம்மாவே மாத்திக்கிச்சா? நீங்கதானே மிஸ் எங்களுக்கு நடத்துனீங்க, தங்கம் பாதரசத்துல பட்டா வெளுக்கும்னு? உமாபதி சாரை மோதிரத்தைக் கழட்டச் சொல்லுவேன்னுகூடச் சொன்னீங்க. கிளாஸே சிரிச்சுது."

ஏழு வருடம் ஆகிறது. அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. நல்ல மாணவி.

வேர்வை படலாம், சோப்பு படலாம், இப்போதெல்லாம் தங்கத்திலேயே கலப்படம் என்று நான் என்னென்னவோ சொன்னேன். காற்றில் இயற்கையாகவே பாதரசம் உண்டு, எரிமலைகள்... என்றும் சொன்னேன். சொன்னேனே! அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"சரி மிஸ்" என்றாள். விடைத்தாளில் மார்க் குறைத்துப் போட்டால் வாதாடாமல் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகள் சொல்கிற சரி மிஸ்.

5 செப்டம்பர், வியாழன்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் ரோஜாவும் பேனாவும் கொடுத்தார்கள். ஒவ்வொரு வருடமும் காலை ஏழு மணிக்கு முதல் வாழ்த்து காவேரியிடமிருந்து வரும். சாயங்காலம்வரை போனைப் பார்த்தேன். வெட்கங்கெட்டவள், எதிர்பார்த்தேன் வேறு.

13 செப்டம்பர், வெள்ளி

கண்காட்சிக்கு ஒத்திகை. சுகாசினியின் எரிமலை நன்றாகவே பொங்கியது, ஹெச்.எம். மேஜை விரிப்பு கெட்டது. பேசும்போதும் திக்கவில்லை. முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மிஸ், ஒரு டவுட். நம்ம ஊர்ல எரிமலை இல்லையே. அப்போ காஞ்சிபுரத்துக் காத்துல பாதரசம் இருந்தா அது யாருது?"

"எங்கேயிருந்தாவது காத்துல வரும்."

"இல்ல மிஸ், நான் போன்ல பாத்தேன். எரிமலை மாதிரி இயற்கையா புதுசா வர்றது பத்துல ஒரு பங்குதானாம். மனுஷங்க விடுறது மூணு பங்கு. மிச்சம் ஆறு பங்கு எப்பவோ விட்டது, மண்ணுலயும் தண்ணியிலயும் படிஞ்சு திரும்பத் திரும்ப எழும்புதாம். இந்தக் கணக்கு முன்னப்பின்ன இருக்கும்னும் போட்டிருக்குது. நீங்க ஏன் மிஸ் அத்த வுட்டுட்டீங்க?"

ஐந்தாவது வரி.

"இடம் போதாதுன்னு" என்றேன்.

அவள் திரும்பிச் சார்ட்டைப் பார்த்தாள். கீழே ஒரு சாண் வெள்ளையாகக் கிடந்தது. "இருக்குதே மிஸ்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. பதினாலு வயசுப் பிள்ளைக்கு என்னைக் குத்த என்ன இருக்கிறது? எழுதட்டுமா என்று ஸ்கெட்ச் பேனா மூடியைத் திறந்துகொண்டு நின்றாள்.

எழுது என்றேன். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

14 செப்டம்பர், சனி

இவரிடம் சொல்லாமல் வரதராஜன் கடைக்குப் போனேன். சொன்னால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் நான் நின்றுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அந்தப் புடவையை ஜரிகைச் சோதனைக்கு எடுத்துப் போனீர்களா என்று கேட்டேன். "கண்ணுக்குத் தெரியறதுக்கு மிஷின் எதுக்கும்மா டீச்சர்?" என்றார். நான் கேட்டுக்கொள்கிறேன், ஒரு தடவை, என்று நின்றேன். டீச்சர் என்கிற மரியாதைக்காக வந்தார்.

மிஷின் வைத்திருக்கிற பையன் வெளுத்த கரையை வைத்தான். வெள்ளி சரி, தங்கம் சரி, முதலாளி கொடுத்த ஜரிகையேதான் என்றான். வரதராஜன் அவனை முறைத்தார். மற்ற உலோகங்களையும் காட்டச் சொன்னேன். அவன் இரண்டு தடவை வைத்துப் பார்த்தான்.

"இது எப்படி சார் இதுல? பாதரசம் காட்டுது."

"பாதரசமா? அந்தம்மா கைக்கு அது எப்படி வரும்?"

"எங்க வீட்லேந்து" என்றேன். "எங்க பட்டறை ஃபேன் அவங்க தறிச் சன்னல்ல ஊதுது. நான்தான் ஃபேன் வைக்கச் சொன்னேன்."

வரதராஜன் புடவையை மடித்தார். நாலாக, எட்டாக. அப்புறம்தான் கேட்டார்.

"உங்களுக்கு எப்பத்துலேந்து தெரியும்?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. இன்னிக்குத்தான் தோணுச்சு என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார்.

"ஆகஸ்ட் அஞ்சாம் தேதியிலேந்து."

"நான் தெருவுல அத்தினி பேர் நடுவுல கத்தினனே. அப்போ நீங்க அங்கதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"கையில டிபன் பாக்ஸ்" என்றார். அவருக்கும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். என்னைத் திட்டவில்லை. எழுந்து போய் அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். ஃபேனை நிறுத்தினார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றார். மூன்று கலசம் பாக்கி. சாப்பிட வரவில்லை.

15 செப்டம்பர், ஞாயிறு

இந்திராணி அக்கா வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே விஷயம் போய்விட்டது. பாவு இல்லாத தறி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கத்துவார் என்று நினைத்துத்தான் போனேன். கத்தினால் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு கணக்கு இருந்தது. அவர் கையை நீட்டினார். "பாரு" என்றார். விரல்கள் ஐந்தும் தனித்தனியாக ஆடின.

"எரிமலைன்னு சொன்னியே குழலி. நான் கோயிலுக்குப் போனா, அந்த எரிமலை பக்கத்துல இருக்கிறவங்கள நல்லா வையின்னு சாமி கும்பிட்டுக்கினு இருந்தேன். அவங்களுக்கு இன்னா கஷ்டமோன்னு."

எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

"தெரியாம செஞ்சிருந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஃபேன் வச்சது தெரியாமதான். எம்மூக்கப் பாத்தியே அன்னிக்கு. பாத்துட்டு வாய மூடிக்கினு போனியே. நான் உன்னப் பாத்துக்கினுதான் இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். தறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். காவேரி வாசல்வரை வந்து, எந்த டாக்டரிடம் போவது, என்ன டெஸ்ட் எடுப்பது என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். மிஸ் என்று கூப்பிடவில்லை.

2 அக்டோபர், புதன்

சென்னையிலிருந்து ரிப்போர்ட். இந்திராணி அக்காவுக்கு அதிகம். இவருக்கு அதைவிட அதிகம். ஃபேன் வைத்தும் இவ்வளவு. என் கணக்குப்படி ஃபேன் இவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம்தான்.

அந்தக் காற்றிலிருந்து விலகி இருந்தால் மெல்ல மெல்லக் குறையும், நடுக்கம் போக மாதக்கணக்கில் ஆகலாம், முழுக்கப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாகறல் பக்கத்துக் கோயில்காரர்களிடம் இவரே போய்ப் பேசினார். முணுமுணுத்துவிட்டு, பாக்கி மூன்றையும் கரண்ட் முலாமிலேயே போடச் சொல்லிவிட்டார்கள். இதை ஜூனிலேயே கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை எங்கள் இரண்டு பேருக்கும்.

6 அக்டோபர், ஞாயிறு

அடுப்பை நிறுத்தினால் முடிந்துவிடாது. சந்தில், சன்னல் கட்டையில், தறிக்குழி மண்ணில் படிந்தது வெயில் ஏற ஏற எழும்பும். அந்த ஆறு பங்கு. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். ஒருவர் வந்து பார்த்து எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று இவரும் நானும் முகமூடி கட்டிக்கொண்டு கந்தகத் தூள் தூவி, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, மூடி போட்ட டப்பாவில் அடைத்தோம். இந்திராணி அக்கா காவேரியோடு ஓரிக்கைக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். குழிக்குள் இறங்கினேன். அவர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முகத்துக்கு நேரே எங்கள் ஃபேன்.

அடுப்பில் தண்ணீர் ஊற்றிய நாளுக்கு அப்புறம் இவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இன்றுதான். "அந்த மூலையில இன்னும் இருக்குது."

20 அக்டோபர், ஞாயிறு

வரதராஜன் புதுப் பாவு கொடுத்தனுப்பினார். ஓரிக்கையிலிருந்து திரும்பிவிட்ட இந்திராணி அக்கா வாங்க மறுத்துவிட்டார். தெருவில் சொன்னதைத் தெருவில் வந்து திருப்பி எடுத்துக்கொள்ளட்டும் என்றாராம். சாயங்காலம் முதலாளி வந்தார். அதே இடத்தில் நின்று, எல்லோரும் கேட்க, "இந்திராணி மேல தப்பில்ல, ஜரிகை என் ஜரிகைதான், அவசரப்பட்டுட்டேன்" என்று சொன்னார். அவருக்கு அது சுலபம் இல்லை, வேர்த்துவிட்டது.

இந்திராணி அக்கா பாவை வாங்கி உள்ளே வைத்தார். திரும்பி வந்து எங்கள் வாசலைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"டீச்சரும்தான்" என்றார்.

போனேன். இருபத்திரண்டு வருடம் ஐம்பது பேர் முன்னால் பேசிப் பிழைத்தவள், நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் பட்டறை ஆவியில்தான் ஜரிகை வெளுத்தது, அக்கா கை ஆடுவதும் அதனால்தான், எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை என்றேன். பின்வரிசையில் கேட்கவில்லை போலிருக்கிறது. "இன்னா சொல்லுது?" என்று யாரோ கேட்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

21 நவம்பர், வியாழன்

கண்காட்சி. சுகாசினிக்குப் பரிசு இல்லை. எரிமலை பழைய ஐடியா என்றார் நடுவர். அவள் ஐந்தாவது வரியைச் சிவப்பில் எழுதியிருந்தாள். பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் அதைப் படித்தார்கள், எண்ணினேன்.

8 டிசம்பர், ஞாயிறு

தறிச் சத்தம் கேட்கிறது. மெதுவாக, விட்டு விட்டு. காவேரி சன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். எங்கள் பக்கத்து ஓட்டையை இவர் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கிறது. இந்திராணி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார், ஜூலைக்கு அப்புறம் முதல் தடவை. மஞ்சள் கொத்து இரண்டு வாங்கினாராம், ஒன்று அதிகம் என்று கொண்டுவந்தார். காபி கொடுத்தேன். டம்ளர் சத்தம் போடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இவர் தயங்கித் தயங்கி எதிரில் வந்து நின்றார்.

"அக்கா, அந்த மூக்குத்தியக் குடுங்க. ஒரு நிமிஷம் தீயில காட்டினா பழைய மஞ்சளே வந்துடும். பண்டிகைக்குப் போட்டுக்கலாம்."

இந்திராணி அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"தீயில காட்டினா, இதுல ஏறிக்கினு இருக்குதே, அது எங்கப்பா போவும்?"

இவர் என்னைப் பார்த்தார். வீட்டில் வேதியியல் டீச்சர் நான்தான். எனக்குப் பதில் தெரியும், அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரிந்துவிட்டது.

"வெளிய போவும்க்கா" என்றேன். "காத்துல. யாராவது மூச்சு வுடுற காத்துல."

"அப்போ வேணாம். இருக்கட்டும்." மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கின்னா, கண்ணாடி பாத்தாத்தான் தெரியும். நீதான் தினம் பாக்கிற."

13 ஜனவரி, திங்கள்

போகி. காலையில் குழாயடியில் எனக்கு முன்னால் நின்றிருந்தார். திரும்பி, "குடத்த வையேன், ரொம்புது" என்றார். வெயில் பட்டு மூக்குத்தி வெள்ளையாக இருந்தது. பார்த்தேன். குடத்தை வைத்தேன்.